பேஸ்மென்ட்டைக் காப்பாற்ற வந்த பென்னி

எங்கள் வீட்டில் நடந்தது அநியாயம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கதை முடிவதற்குள் நீங்கள் எல்லோரும் என் அம்மா பக்கம் போய்விடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். அம்மாவுக்கு அந்த மாதிரி முகம்.

என் அப்பா மெல்வின் கோஸ்லர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வருடத்தில் ஒன்பது மாதம் அறுபது குழந்தைகள் கத்துவதைக் கேட்கிறார். கோடை விடுமுறையில் வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ட்டுக்குப் போய், பென்னிகள் என்கிற ஒரு சென்ட் காசுகள் கத்தாமல் இருப்பதைக் கேட்கிறார். ஒரு மனிதன் இதற்குமேல் என்ன கேட்டுவிட்டான், நீங்களே சொல்லுங்கள். குடிப்பதில்லை, மீன் பிடிக்கிறேன் என்று மூன்று நாள் ஏரியில் காணாமல் போவதில்லை. விஸ்கான்சினில் இப்படி ஒரு கணவன் கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அம்மா ஆர்லீன், பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். நம் வாயைத் திறக்கச் சொல்லி, கொக்கியை உள்ளே விட்டு, அதற்கப்புறம் “லீவுக்கு எங்க போனீங்க?” என்று கேட்பார்களே, அந்த இனம். எதிராளி பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துக் கேள்வி கேட்பது அவளுடைய தொழில்.

மே மாதம், நான் கல்லூரியிலிருந்து வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது.

“மெல்வின், கீழ இருக்கிற மேஜைய எடுத்துடு.”

“எந்த மேஜை?”

“கீழ ஒரு மேஜைதான் இருக்கு.”

“அது மேஜை இல்ல ஆர்லீன். ஆராய்ச்சிக்கூடம்.”

“சரி, ஆராய்ச்சிக்கூடத்த எடுத்துடு. எனக்குப் போர்வை தைக்கிற மிஷின் வருது. பன்னண்டு அடி.”

“பன்னண்டு அடியா? யாருக்குப் போர்வை தைக்கப் போற, பஸ்ஸுக்கா?”

“உன் பஸ்ஸுக்குக் குளிருதா? இருபது வருஷமா மடியில வெச்சுத் தெச்சேன். முதுகு போச்சு. இனிமே மிஷின்.”

“கீழ என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா? இந்த மாநிலத்துல இரட்டை அச்சுக் காசுன்னா மெல்வினத்தான் கேக்கணும்னு கிளாரன்ஸே சொல்லுவான்.”

கிளாரன்ஸ் வோய்ட் எங்கள் ஊர் நாணயக் கிளப்பின் தலைவர். அப்பாவின் ஒரே நண்பர், அதனாலேயே ஒரே எதிரி.

“பத்தொம்பது வருஷமாத் தேடுற. எத்தன கெடச்சுது?” என்றாள் அம்மா.

“கெடச்சதா முக்கியம்? பத்து லட்சம் காசைப் பாத்து, இது இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கேன்.”

“நான் ஒண்ணுகூடப் பாக்காமலே அதக் கண்டுபிடிச்சேன்.”

இங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். நான் மாடிசனில் மூன்றாம் வருடம் தத்துவம் படிக்கிறேன். அடுத்தது சட்டம். ஒரு மனிதனின் இருப்பிடத்தை நடுவர் இல்லாமல், விசாரணை இல்லாமல், மக்காச்சோளம் கடித்துக்கொண்டே பறிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு ஒப்பந்தம் எழுதினேன். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, எங்கள் நாட்டுத் தொழிலாளர் தினத்தன்று மதியத்துக்குள் மெல்வின் ஓர் அசல் இரட்டை அச்சுக் காசைக் கண்டுபிடித்தால் பேஸ்மென்ட் நிரந்தரமாக அவருக்கு, இல்லையென்றால் ஆர்லீனுக்கு. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பசுமாடு வடிவக் காந்தம் வைத்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம்.

“உனக்கு நல்ல வக்கீல் கெடச்சிருக்கா மெல்வின்” என்றாள் அம்மா. அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

அப்பா தேடுவது என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். நானும் அந்தக் கோடையில்தான் கற்றுக்கொண்டேன்.

நாணயச்சாலையில் அச்சைச் செய்யும்போதே உருவம் அதில் இரண்டு தடவை, ஒரு மயிரிழை விலகிப் பதிந்துவிடுவது உண்டு. அந்த அச்சில் அடிக்கிற ஒவ்வொரு காசும் பிறக்கும்போதே இரட்டையாகப் பிறக்கும். எழுத்துகள் தடித்திருக்கும். எழுத்தின் முனைகள் பாம்பின் நாக்கு மாதிரி பிளந்திருக்கும். இதுதான் அசல். இன்னொரு வகை, அச்சில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் மிஷினில் அது தளர்ந்து ஆடும். காசை அடித்துவிட்டு விலகுகிறபோது எழுத்தின் ஓரத்தை இழுத்து நசுக்கிவிடும். அங்கே தட்டையாக ஒரு படி விழும். எழுத்து தடிக்காது, அந்தப் படிக்கு இடம் கொடுத்து மெலிந்துபோகும். இது மிஷின் செய்த கோளாறு. ஒரு பென்னிக்கு ஒரு பென்னிதான் கிடைக்கும். மூன்றாவதாக, அச்சு தேய்ந்துபோய், எழுத்தெல்லாம் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி வீங்கி, இரட்டை போல மாயம் காட்டும். அதற்கும் மதிப்பில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வேட்டை 1969-எஸ் பென்னி. எஸ் என்பது, காசை அடித்த ஊர் சான்பிரான்சிஸ்கோ என்பதற்கு அடையாளம். அந்தக் காலத்தில் அச்சு முழுக்கச் செய்து முடித்த பிறகுதான் அந்த ஊர் எழுத்தை ஒரு ஆள் கையால் தனியாகக் குத்துவான். ஆகவே அசலில் தேதி இரட்டையாக இருக்கும், எஸ் மட்டும் ஒற்றையாக இருக்கும். எஸ்ஸும் இரட்டையாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, மிஷின். ஒவ்வொரு ஏப்ரலிலும் அப்பா கிளப்பில் இதைப் பற்றி உரை நிகழ்த்துவார். அவரே வரைந்த பெரிய அட்டை ஒன்று உண்டு. அதில் சிவப்பு எழுத்தில்: முதலில் எஸ்ஸைப் பார்.

கோடை ஓடியது. ஒரு வங்கியில் பென்னிப் பெட்டி வாங்குவார், பெட்டிக்கு, தாளில் சுற்றிய ஐம்பது உருளை, இரண்டாயிரத்து ஐநூறு காசு. பார்த்து முடித்ததை வேறொரு ஊர் வங்கியில் கொடுப்பார். வாங்கின இடத்திலேயே கொடுத்தால் பார்த்த காசே திரும்ப வரும் என்பது தொழில் தர்மம். அங்கே இருக்கிற பெண் இவரைப் பார்த்ததும் “கவுண்டர் மூடியாச்சு” பலகையை வைக்கிறாள் என்பது உண்மைக் காரணம். ஜூன் போனது. ஜூலை போனது. ஆகஸ்ட் நடுவில் அப்பா முப்பதாவது பெட்டியில் இருந்தார். பிராட்வர்ஸ்ட் சாஸேஜைச் சூடு பண்ணாமலே நின்றுகொண்டு தின்றார். நாள்காட்டி மாட்டிய பக்கம் திரும்பாமல் பக்கவாட்டில் நடந்து குளியலறைக்குப் போனார்.

அம்மா நூல் மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தாள். வாரம் ஒரு பெட்டி நூல். கூம்பு கூம்பாகக் கூடத்தில் அடுக்கி வைத்தாள். இது மனரீதியான வன்முறையா இல்லையா?

கடைசி வாரம், புதன்கிழமை, அம்மாவுக்கு விடுமுறை நாள், பிற்பகல் மூன்று மணி. கீழிருந்து குரல் வந்தது.

“காரின். கீழ வா. மெதுவா வா.”

போனேன். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. உருளை பிரித்துக் கொட்டுகிற தட்டு முன்னால் இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பென்னி.

“லென்ஸ எடு. தேதியப் பாரு.”

பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் நிழல்.

“ரெட்டையா இருக்குப்பா.”

“எழுத்தெல்லாம்?”

“அதுவும் ரெட்டை.”

“சரி. கட்டைவிரலுக்கு அடியில எஸ் இருக்கு. அதப் பாக்காத.”

“ஏன்?”

“இப்ப வேணாம். அரை மணி நேரமா நான் பாக்கல. கொஞ்ச நேரம் சந்தோஷமா இருப்போம்.”

இருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பதற்றமான சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. மேலே அம்மா நடக்கிற சத்தம் கேட்டது. அப்பா அண்ணாந்து பார்த்தார். அந்த அசைவில் கட்டைவிரல் நகர்ந்தது. நான் பார்த்துவிட்டேன்.

“அப்பா.”

“சொல்லாத.”

“எஸ்ஸும் ரெட்டை.”

“சொல்லாதன்னு சொன்னேன்ல.”

காசைத் தட்டில் வைத்தார். மறுபடி எடுத்தார். ஓரங்களைப் பார்த்தார். படி, தட்டையான படி. எழுத்துகள் பட்டினி கிடந்த மாதிரி மெலிந்திருந்தன. அவர் அட்டையில் வரைந்து வைத்திருக்கும் ‘இப்படி இருந்தால் ஏமாறாதே’ படத்துக்கு இந்தக் காசே வந்து உட்கார்ந்து மாதிரி காட்டியிருக்கும்.

பிறகு வேறு ஒரு குரலில் பேசினார். பேருந்தில் பின் இருக்கைப் பையன்கள் பேசுகிற குரல்.

“எஸ்ஸப் பத்தி உங்கம்மாவுக்கு என்ன தெரியும்?”

“அப்பா, இது ஏமாத்துறது.”

“ஏமாத்துறது இல்ல. விளக்கத்தச் சுருக்கிச் சொல்றது. கிளப்புக்குச் சொல்லப் போறதில்ல. ஊருக்குச் சொல்லப் போறதில்ல. நாலு சுவத்துக்குள்ள, ஒரு தடவ. அவ சரின்னு சொன்னதும் காசு ஒரு டப்பாவுக்குள்ள போயிடும். நான் செத்த பிறகுதான் வெளிய வரும்.”

“நான் உண்மையப் பத்திப் படிக்கிறவப்பா.”

“படி. யாரு வேணாம்னா? பன்னண்டு அடி மிஷின் கீழ வந்தா நான் எங்க உக்காரது? கார்லயா?”

என் மனசாட்சியைப் பற்றி நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. அது ஒரு மணி நேரம் போராடியது. அப்புறம் நான் மேலே சமையலறைக்குப் போய் ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். ‘அசல் காசு’ என்று இருந்தது. அசலா இல்லையா என்று யார் தீர்மானிப்பது என்று இல்லை. எழுதியவள் விட்டுவிட்டாள். எழுதியவள் நான். நடுவர் குறிப்பிடப்படாத இடத்தில் துறை நிபுணரின் கருத்தே முடிவானது. வீட்டில் இருக்கிற ஒரே நிபுணர் அப்பா. ஆகவே அவர் அசல் என்றால் அசல். கீழே போய் அவரிடம் இதைச் சொன்னேன்.

“நீ பெரிய ஆளா வருவ” என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது.

வியாழக்கிழமை காலை. அம்மா வேலைக்குப் போகிற சட்டையில் இருந்தாள், சிரிக்கிற கடைவாய்ப்பற்கள் அச்சிட்ட சட்டை. அப்பா காசை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஆர்லீன். கெடச்சாச்சு.”

அம்மா ரொட்டியில் ஜாம் தடவுவதை நிறுத்தவில்லை. “எது?”

“1969-எஸ். இரட்டை அச்சு.”

“அசலா?”

“அசல்.”

“லென்ஸக் குடு.”

“உனக்கு லென்ஸ்ல பாத்துப் பழக்கம் இருக்காதே ஆர்லீன். கண் வலிக்கும்.”

அம்மா தினமும் எட்டு மணி நேரம் கண்ணில் உருப்பெருக்கி மாட்டிக்கொண்டுதான் அடுத்தவர் பல்லிடுக்கைப் பார்க்கிறாள். இது அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. அவர் பேசி முடித்த பிறகு வந்தது.

அம்மா காசை விளிம்பில் பிடித்துத் தூக்கினாள். சாளரத்துப் பக்கம் சாய்த்தாள். லென்ஸை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

“இந்த ரெண்டாவது கோடு ஏன் தட்டையா இருக்கு? படி மாதிரி?”

“பழைய காசு ஆர்லீன். தேஞ்சிருக்கு.”

“தேஞ்சா மேடுதானே முதல்ல தேயும்? மேடு நல்லா இருக்கே. ஓரம் மட்டும்தான் நசுங்கியிருக்கு.”

“சில காசு ஓரத்துலேருந்து தேயும்.”

நான் அப்பாவைப் பார்க்காமல் ஜாம் புட்டியைப் பார்த்தேன். செர்ரி ஜாம், டோர் கவுண்டியில் செய்தது.

“எழுத்து மெலிஞ்ச மாதிரி இருக்கே மெல்வின்.”

“அந்த வருஷம் எழுத்தே மெலிசு.”

“எல்லாக் காசுலயும்?”

“பொதுவா.”

“எஸ்ஸும் ரெட்டையாத் தெரியுதே.”

அப்பா வெள்ளைத் துணியின் ஓரத்தை நேராக்கினார். “அப்ப ரெட்டிப்பு எவ்வளவு பலமா விழுந்திருக்குன்னு பாரு. எஸ்ஸையே விடல.”

அம்மா லென்ஸைக் கீழே வைத்தாள். “விப்பியா?”

“இத எப்படி விக்கிறது ஆர்லீன்? இது குடும்பச் சொத்து.”

“காரின், நீ என்ன சொல்ற?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாய் நிறைய ரொட்டி இருந்தது. அம்மாவின் தொழில் நேர்த்தியை இங்கே நீங்கள் கவனிக்க வேண்டும்.

“நிபுணர்... அப்பாதானே” என்றேன், ரொட்டிக்கு நடுவிலிருந்து.

“அப்ப சரி. எனக்கென்ன தெரியும்?” என்றாள் அம்மா. எழுந்து அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தாள். “பேஸ்மென்ட் உனக்கு. மிஷின்காரங்ககிட்ட இன்னிக்கே பேசுறேன்.”

முப்பத்தைந்து பெட்டிகளின் களைப்பு அப்பாவின் தோளிலிருந்து இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அம்மா தோற்று நான் பார்த்திருக்கிறேன், சீட்டாட்டத்தில் இரண்டு தடவை. இப்படிச் சிரித்துக்கொண்டு தோற்றதில்லை.

காலணி மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள். “சனிக்கிழமை கிளப்புக்கு நானும் வரேன் மெல்வின். பத்தொம்பது வருஷத்துல ஒரு நாளாவது வரணும்ல. நீ மேடையேறி இதக் காட்டும்போது முன் வரிசையில உக்காரணும்.”

கதவு சாத்திக்கொண்டது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜாம் புட்டியைப் பார்த்தேன்.

“அவ யார்கிட்டயும் சொல்ல மாட்டா” என்றார் அப்பா, தனக்குத் தானே.

வெள்ளிக்கிழமை மாலை உணவகத்தில் நடக்கும் வழக்கமான மீன் வறுவல் விருந்துக்குப் போனோம். ஊரே அங்கேதான் இருக்கும். அம்மா கதவருகில் சொன்னாள், பாரில் சொன்னாள், கோட்டு மாட்டுகிற இடத்தில் அறிமுகமே இல்லாத ஒரு கிழவரிடம் சொன்னாள். நாங்கள் உட்கார்ந்து தட்டு வருவதற்குள் கிளாரன்ஸ் வோய்ட் எங்கள் மேஜைக்கு வந்து நின்றார்.

“மெல்வின், கேள்விப்பட்டேன்.”

“ஆமா.”

“அறுபத்தொம்பது.”

“ஆமா.”

“எஸ் எப்படி?”

அப்பா வாயில் இருந்த காட் மீன் அங்கேயே நின்றது. “எஸ்... இருக்கு.”

“இருக்குன்னு தெரியும். எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு கிளாரன்ஸ். உன் முட்டிவலி எப்படி இருக்கு?”

“நாளைக்குக் கொண்டு வரார்” என்றாள் அம்மா. “நீங்களே பாருங்களேன். எலுமிச்சம்பழம் இந்தப் பக்கம் தள்ளு காரின்.”

சனிக்கிழமை காலை அப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. அம்மா மாத்திரை கொடுத்தாள். காரில் ஏதோ சத்தம் வருகிறது என்றார். அம்மா தன் கார்ச் சாவியை எடுத்தாள். கடைசியில், கூடத்தில் நூல் கூம்புகளுக்கு நடுவே நின்று அறிவித்தார்:

“காசு இங்க இல்ல. நேத்தே தரம் பாக்குற கம்பெனிக்குத் தபால்ல அனுப்பிட்டேன். வர ஆறு வாரம் ஆகும்.”

“அப்படியா?” என்றாள் அம்மா. கைப்பையைத் திறந்தாள். சின்னக் குழந்தைகளுக்குப் பால்பல் விழுந்தால் போட்டுக் கொடுப்பார்களே, பல் வடிவ பிளாஸ்டிக் டப்பா, அதை எடுத்து ஆட்டினாள். உள்ளே ஒரு காசு குலுங்கியது. “அப்ப உன் சாக்ஸ் டிராயர்ல இருந்த இது வேற ஒண்ணு போல. ரெண்டு கெடச்சுதுன்னு நீ சொல்லவே இல்லையே.”

கிளப் கூடுவது நூலகத்தின் பின்னறையில். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக ஏழு பேர்தான். காப்பி, டோனட், மடக்கு நாற்காலிகள். சுவரில் அப்பாவின் அட்டை, ஏப்ரலிலிருந்து யாரும் கழற்றவில்லை. அதன் கீழே போய் அப்பா நின்றார். தலைக்குச் சரியாக அரை அடி மேலே சிவப்பு எழுத்து: முதலில் எஸ்ஸைப் பார்.

அவருடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். அசல் என்று சொன்னால் அடுத்த நிமிடம் கிளாரன்ஸ் லென்ஸை எடுப்பார். பத்தொன்பது வருட மரியாதை டோனட் பெட்டிக்குள் போகும். போலி என்று சொன்னால் பேஸ்மென்ட் போகும். ஒரு கணவனிடம் இருப்பதே இந்த இரண்டும்தான். அம்மா முன் வரிசையில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்த நோயாளியைப் பார்க்கிற கனிவோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா டப்பாவைத் திறந்தார். காசைப் பார்த்தார். அட்டையைத் திரும்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே. இந்தக் காசுல தேதி ரெட்டை. எழுத்து ரெட்டை.” நிறுத்தினார். “எஸ்ஸும் ரெட்டை. ஓரத்துல படி இருக்கு. இது மிஷின். புதன்கிழமை மத்தியானம் மூணு மணிலேருந்து எனக்குத் தெரியும்.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் தன் தலைநகரத்தை இழந்து தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதை நான் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். அம்மாவுக்கும் இதயம் இருக்கும், இதைப் பார்த்தால் இளகும், வெற்றி இன்னும் கைநழுவவில்லை என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

கிளாரன்ஸ் எழுந்து போய்க் காசை வாங்கினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். எஸ்ஸைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் காசில் இருக்கிற லிங்கன் முகத்தின் காதுப் பக்கம் பார்த்தார். புருவம் சுருங்கியது.

“காதுக்குப் பின்னால கீறல். இது என் காசாச்சே” என்றார். “கிளப்புக்கு வர்ற பசங்களுக்கு மிஷின் கோளாறு எப்படி இருக்கும்னு காட்ட ஒரு ஜாடி நிறைய வெச்சிருக்கேன். ஆர்லீன், போன மாசம் நான் பல்லு கழுவ வந்தப்ப நீங்க ஒண்ணு கேட்டீங்களே, அதானே இது?”

“அதேதான்” என்றாள் அம்மா. “டோனட் யாரு கொண்டாந்தது? நல்லா இருக்கு.”

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா ஓட்டினாள். பின் இருக்கையிலிருந்து நான் பேசினேன். நீங்களாக இருந்தாலும் பேசியிருப்பீர்கள்.

“அம்மா, நீ தட்டுல போட்டியா?”

“புதன்கிழமை மத்தியானம். அவர் கழிவறைக்குப் போனப்ப.”

“இது பொறி வெக்கிறது. ஒருத்தரக் குத்தம் செய்யத் தூண்டிட்டு அந்தக் குத்தத்துக்கே தண்டன குடுக்கிறது. சட்டத்துல இது செல்லாது.”

“பொறியில சீஸ்தான் வெச்சேன் காரின். திங்கச் சொல்லல.”

“உனக்கு எஸ்ஸப் பத்தி எப்படித் தெரியும்?” இது அப்பா.

“வருஷா வருஷம் ஏப்ரல்ல அந்த உரைய யார்கிட்ட ஒத்திகை பாக்குற? இஸ்திரி போட்டுக்கிட்டே பத்தொம்பது தடவ கேட்டாச்சு. எழுத்து தடிச்சிருந்தா அச்சு, மெலிஞ்சிருந்தா மிஷின். தூக்கத்துல சொல்லுவேன்.” சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினாள். “இத்தன வருஷமா ஊருக்குச் சொல்றியே, உனக்கே ஆசை வந்தா என்ன செய்வன்னு பாக்கணும்னு தோணிச்சு. வியாழக்கிழமை காலைல, ‘ஆர்லீன், இது வெறும் மிஷின், ஆனா எவ்வளவு அழகா ஏமாத்துது பாரு’ன்னு நீ சொல்லியிருந்தா...”

“சொல்லியிருந்தா?”

“போர்வை மிஷினக் கார் நிக்கிற கராஜ்ல வெச்சிருப்பேன். அளந்துகூட வெச்சேன். பதினாலு அடி இருக்கு.”

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேருந்துக் கதவு மூடும்போது வருகிற சத்தம்.

“இப்பவும் வெக்கலாமே” என்றேன் நான். “கிளப்புல உண்மையச் சொன்னாரே. பதினாலு பேர் சாட்சி. அதுக்கு ஒரு மதிப்பு கிடையாதா?”

“இருக்கு. பெருமையாத்தான் இருந்துது. அதனாலதான் மேஜையத் தெருவுல போடச் சொல்லல. செவ்வாக்கிழமை மிஷின் வருது. அதுக்குள்ள மேஜைய உன் ரூமுக்கு மாத்திடலாம். திங்கக்கிழமை நீ மாடிசன் போயிடுவ.”

“நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வருவேனே. கிறிஸ்துமஸுக்கு வருவேனே. நான் எங்க படுக்கிறது?”

“அதை எங்கிட்ட ஏன் கேக்கிற? உன் கட்சிக்காரரக் கேளு.”

வீட்டுக்குள் நுழைந்ததும் இந்த விஷயத்தில் என் உரிமைகள் என்னென்ன என்று கூடத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். குடியிருப்பவர் உரிமை, பிறப்புரிமை, ஒப்பந்தத்தில் மூன்றாம் தரப்பைப் பாதிக்கும் ஷரத்து செல்லாது என்கிற கோட்பாடு. அப்பா நிச்சயம் எனக்காகக் குரல் கொடுப்பார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் அங்கே இல்லை. மாடியில், என் அறையில், டேப்பை வைத்து என் கட்டிலை அளந்துகொண்டிருந்தார்.